வினைமுற்று வந்தால் வாசல் திறக்கும்: குழு விவாதக் கேள்வி பதில்

கேள்வி: பத்துப் பேர் உட்காரும் குழு விவாதத்தில் எனக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. யாராவது நிறுத்தினால் பேசலாம் என்று காத்திருக்கிறேன். யாரும் நிறுத்துவதில்லை.

பதில்: நிறுத்த மாட்டார்கள். 2009-இல் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்ட ஆய்வில், கேள்வி முடிந்து பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஒரே ஒரு சொல்லை மனம் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அரை விநாடிக்கு மேல் ஆகும். அமைதி வந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிறவர் ஒவ்வொரு முறையும் பிந்துவார். இதற்கும் கூச்சத்துக்கும் சம்பந்தமில்லை.

முன்னவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முதல் வாக்கியம் தயாராக வேண்டும். எங்கே நுழைவது என்பதைத் தமிழே காட்டிக்கொடுக்கும். 'போய்', 'பார்த்து', 'இருந்தால்' என்று எச்சமாக ஓடும்வரை அவர் முடிக்கவில்லை. 'ஆகிறது', 'முடியாது', 'வேண்டும்' என்று வினைமுற்று விழுந்து, குரலும் தணிந்தால் வாசல் திறக்கிறது. அதற்குச் சற்று முன்பே முன்னால் சாய்ந்து, மூச்சை இழுத்து, கையை லேசாக உயர்த்துங்கள். மற்றவர்கள் கண் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

முதல் சொல் அவருடைய சொல்லாக இருக்கட்டும். "நீங்கள் சொன்ன செலவுக் கணக்கில் பராமரிப்பு விடுபட்டிருக்கிறது" என்றால் அவரே உங்களைக் கேட்பார். "என் கருத்து என்னவென்றால்" என்று தொடங்கினால், கருத்து வருவதற்குள் இன்னொருவர் புகுந்துவிடுவார்.

கேள்வி: எத்தனை தடவை பேசினால் போதும்?

பதில்: நேரத்தை ஆட்களால் வகுங்கள். 15 நிமிடம், 10 பேர் என்றால் ஆளுக்கு 90 விநாடி. அதை 20, 25 விநாடி கொண்ட மூன்று நான்கு முறைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு ஒரே கருத்து. மூன்றைச் சேர்த்துக் கொட்டினால், இருப்பதிலேயே பலவீனமானதை ஒருவர் பிடித்துக்கொள்வார். மற்ற இரண்டும் அங்கேயே செத்துப்போகும்.

கேள்வி: முதலில் பேசினால் மதிப்பு அதிகமாமே?

பதில்: தலைப்பைப் பிரித்துக் காட்ட முடிந்தால் மட்டும் பேசுங்கள். 'வீட்டிலிருந்து வேலை நல்லதா' என்பது தலைப்பு என்றால், "எந்த வேலைக்கு, யாருக்கு நல்லது என்று இரண்டாகப் பார்க்கலாம்" என்பது நல்ல தொடக்கம். அகராதி விளக்கமும் பொன்மொழியும் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் பிடித்துக்கொள்ள அவற்றில் எதுவும் இருக்காது.

மறுப்பு: இதை ஏற்க மாட்டேன் ஐயா. முதலில் பேசுகிறவர்தான் திசையைத் தீர்மானிக்கிறார். மற்றவர்கள் பின்னால் போகிறார்கள்.

பதில்: போகிறார்கள், உண்மை. என் கவலையே அதுதான். 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலையிலேயே, மற்ற எல்லோரும் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறோடு ஒத்துப்போனது. திசை கிடைத்துவிட்டதாலேயே அது சரியான திசை ஆகிவிடாது.

மறுப்பு: அப்படியானால் முந்திக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? நான் சரியான திசையைக் காட்டிவிடுகிறேன்.

பதில்: அது சரியானதுதான் என்று அந்த முதல் நிமிடத்தில் உங்களுக்கு எப்படித் தெரியும்? 1985-இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஆய்வில் காட்டியது இது: எல்லோருக்கும் தெரிந்த செய்தியையே குழு திரும்பத் திரும்பப் பேசுகிறது, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போகிறது. தொடக்கத்திலேயே முடிவைச் சொன்னால் அந்த ஒருவரும் வாயை மூடிக்கொள்வார். கேள்வியைப் பிரித்து வைத்தால் பேசுவார். நீங்கள் முந்துவதை நான் மறுக்கவில்லை, முடிவோடு முந்துவதைத்தான் மறுக்கிறேன். ஆஷின் சோதனையிலும், உண்மையைச் சொல்லும் துணை ஒருவர் இருந்தபோது ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. தனியாக நிற்கிறவருக்கு, "அவர் சொன்னதை இன்னும் பார்க்கவில்லையே" என்று இரண்டாவது குரலாக நிற்பது முதலில் பேசுவதைவிடப் பெரிய பங்களிப்பு.

கேள்வி: நடுவில் வெட்டிவிடுகிறார்களே?

பதில்: குரலை உயர்த்தாமல், வேகத்தைக் கூட்டாமல், "இந்த வாக்கியத்தை முடித்துவிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே ஒரு வாக்கியத்தில் முடியுங்கள். அதற்கும் வெட்டினால் விட்டுக்கொடுத்து, அவர் முடித்ததும், "விட்ட இடத்திலிருந்து" என்று திரும்பி வாருங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் இருவர் சொன்னதும் யாருக்கும் போய்ச் சேராது.

கேள்வி: மறுத்துப் பேசினால் சண்டையாகிவிடுகிறது.

பதில்: அவர் சொன்னதை அவரே தலையாட்டும் அளவுக்கு ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு முடிவைத் தொடாமல், காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் உள்ள இணைப்பைக் கேளுங்கள்: "பயண நேரம் மிச்சமாகும், சரி. அந்த நேரம் வேலைக்குத்தான் போகும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?" இதில் ஆள் இல்லை, கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி: நல்ல பொன்மொழி ஒன்று சொல்லுங்கள், அதோடு தொடங்குகிறேன்.

பதில்: வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: முதலில் பேசுவது நல்லதா, கடைசியிலா?

பதில்: மேலே நீண்ட வாக்குவாதமே நடந்திருக்கிறது, படியுங்கள்.

கேள்வி: மேடையில் கை நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மேடைப் பேச்சு வேறு கலை, அதற்கான பயிற்சியாளரைக் கேளுங்கள். குழுவில் நடுங்கினால், முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு சிறு கேள்வியாவது கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடப் போட முதல் சொல் கனமாகும்.

கேள்வி: கடைசியில் தொகுத்துச் சொல்லும்போது எதையாவது மறந்துவிடுகிறேன்.

பதில்: தாளில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தியாக்குங்கள்: ஒத்துப்போனது, ஒத்துப்போகாதது, யாரும் தொடாதது. முழு வாக்கியம் எழுதாதீர்கள், கருத்துக்கு இரண்டு சொல், பக்கத்தில் சொன்னவரின் முதலெழுத்து. தொகுக்கும்போது அதே வரிசையில் 30 விநாடி. புதுக் கருத்தைச் சேர்க்கக் கூடாது, ஒத்துப்போகாததை மறைக்கவும் கூடாது. "எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்" என்று பொய்யாக முடித்தால், ஏற்காதவர் அந்த இடத்திலேயே எழுந்து மறுப்பார்.