கடற்படைக் கதையும் றலி சைக்கிளின் வயதும்

கேள்வி: உப்புவெளியில் ஒருவர் பழைய றலி சைக்கிள் ஒன்றை விற்கிறார். 1942இல் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரர் ஓடியதாம், 90,000 ரூபாய்க்குக் குறைக்கமாட்டாராம். கறுப்பு நிறம், கம்பிப் பிரேக், பின்சில்லில் மூன்று கியர். ஹான்டிலும் ரிம்மும் இன்னும் மினுங்குகின்றன. சொல்கிற அளவுக்குப் பழசுதானா? எப்படிப் பார்ப்பது?
– உவர்மலை வாசகர்

பதில்: பிரித்தானியக் கடற்படை 1957 வரை திருகோணமலையில் இருந்தது. அதனால் இங்கே பழைய கறுப்புச் சைக்கிள் எதற்கும் இப்படியொரு கதையை ஒட்டிவிடலாம். கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரும்பு அதற்குச் சாட்சி சொல்லாவிட்டால் கதைக்காக ஒரு சதமும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

முதலில் பின்சில்லின் நடுவில் கியர் இருக்கும் உருளையான ஹப்பைப் பாருங்கள். அழுக்கும் பழைய கிறீசும் எழுத்தை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, ரோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடியுங்கள். ஹப் செய்த கம்பனியான ‘ஸ்டர்மி ஆர்ச்சர்’ என்ற பெயரும், அதன் மூன்று கியர் மாதிரியைக் குறிக்கும் ‘ஏ.டபிள்யூ’ என்ற எழுத்துகளும் தெரியும். பக்கத்தில் இலக்கங்கள் குத்தியிருக்கும். 53, 7 என்று இருந்தால் அந்த ஹப் 1953ஆம் ஆண்டு ஜூலையில் செய்தது. ஏ.டபிள்யூ ஹப் 1936இல்தான் வந்தது. ஆகவே இந்த ஹப்போடு அதற்கு முந்திய வருடம் எதையாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் ஹப் சொல்வது ஹப்பின் வயதை மட்டுமே. எழுபது வருடம் ஓடிய சைக்கிளில் சில்லு மாறாமல் இருப்பது அருமை. ஃபிரேமில் ஒரு சாட்சி, ஹப்பில் ஒரு சாட்சி, ஹான்டிலுக்குக் கீழே ஃபிரேமின் முன்பக்கத்தில் இருக்கும் பெயர்த் தகட்டில் ஒரு சாட்சி என்று மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால்தான் நான் நம்புவேன்.

ஃபிரேமின் இலக்கம் பெரும்பாலும் சீட் குழாய் மேல்மூட்டில் இருக்கும். இதை வைத்து இணையத்தில் வருடம் தேடுகிறார்கள். றலியின் இலக்க வரிசைகள் ஒழுங்காகத் தொடர்ந்து போனவை அல்ல, அதனால் அந்த விடையை மட்டும் நம்பிக் காசு கொடுக்க முடியாது. செயின் சக்கரத்துக்குள் கொக்குத் தலைகள் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது றலியின் அடையாளம். முன்தகட்டில் நொட்டிங்ஹாம், இங்கிலாந்து என்று இருக்க வேண்டும். 1950களில் இந்தியாவில் அசன்சோலிலும் சென் றலி என்ற பெயரில் செய்தார்கள். அதுவும் நல்ல சைக்கிள்தான், ஆனால் இங்கிலாந்து விலைக்குரியதல்ல. தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளையும் வடிவாகப் பாருங்கள். தகடு பழசாகவும் ஆணி புதிதாகவும் இருந்தால் அது வேறெங்கிருந்தோ கழற்றிப் பூட்டியதாக இருக்கலாம்.

இனி 1942. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் குரோம் தட்டுப்பாடு. அப்போது வந்த சைக்கிள்களில் ஹான்டில், ரிம், கிராங்கு எல்லாமே பெரும்பாலும் கறுப்புப் பெயின்ட்தான். உங்கள் ஆள் விற்பதில் மினுங்குகிற குரோம் ஆரம்பத்திலிருந்தே உள்ளது என்றால் 1942 சந்தேகம்தான். படைக்குச் சொந்தமான சாமான்களில் மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி குத்துவது பிரித்தானிய வழக்கம். அந்த அம்பு ஃபிரேமில் எங்கும் இல்லையென்றால் ‘கடற்படைச் சைக்கிள்’ என்ற பெயருக்கு விலை இல்லை. பழைய கடை ஸ்டிக்கரில் ‘சிலோன்’ என்று இருந்தால் அது 1972க்கு முந்தியது என்று ஊகிக்கலாம். உள்ளூராட்சிச் சபை கொடுத்த லைசென்ஸ் தகடு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதில் இருப்பது ஓடிய வருடம், செய்த வருடம் அல்ல.

வயதை விட எனக்குப் பெரிய கவலை உப்புக்காற்று. சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு இருக்கும் குழாயின் அடிப்பக்கத்தை நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று இல்லாமல் மொத்தென்று கேட்டால் உள்ளே கறல் தின்றிருக்கலாம். சீட் கம்பியை அசைத்துப் பாருங்கள், அது இறுகிப்போயிருந்தால் கழற்றுகிற செலவு உங்கள் தலையில். மூட்டுகளில் தடித்த வெல்டிங் கட்டி இருந்தால் ஃபிரேம் ஒருமுறை முறிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று சாட்சியும் பொருந்தாவிட்டால் ஓடக்கூடிய பழைய சைக்கிளின் சாதாரண விலையைச் சொல்லுங்கள். அவர் ஹப்பைத் துடைத்துப் பார்க்கவே விடாவிட்டால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: அப்பப்பாவின் ஹம்பர் சைக்கிள் எங்களிடம் இருக்கிறது. முன் போர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாய். ஆனால் சில சாமான்களில் றலி என்று இருக்கிறது. யாராவது மாற்றிவிட்டார்களா? பெயின்ட் அடித்து நிக்கல் போட நினைக்கிறோம்.
– மூதூர் வாசகி

பதில்: பயப்பட வேண்டாம். ஹம்பர் சைக்கிளை றலி 1932இல் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஹம்பரில் றலி சாமான் இருப்பது இயல்பு. இரட்டைக் குழாய் போர்க்தான் ஹம்பரின் முகம், அது இருப்பது பெரிய சொத்து.

பெயின்ட் வேண்டாம். மட்காட்டிலும் ஃபிரேமிலும் மெல்லிய தங்கக் கோடுகள் மங்கலாகவாவது தெரிந்தால், ஸ்பிரே அடிக்கிற அன்றே அவை போய்விடும், கூடவே விலையும். கறலை மெஷின் எண்ணெயும் மெல்லிய பித்தளைப் பிரஷும் கொண்டு மெதுவாக எடுங்கள். தோல் சீட் இருந்தால் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், தோல் இளகித் தொங்கும். சீட்டின் மூக்குக்கு அடியில் ஒரு நட் இருக்கும். தொய்வு இருந்தால் அதைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, சில நாள் ஓடிப் பார்த்த பிறகு தேவையானால் இன்னும் கால் சுற்று இறுக்குங்கள்.