எழுத்து தெரிகிறது, வார்த்தை வரவில்லை

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு. தனி எழுத்தைக் காட்டினால் சொல்கிறான். சேர்த்துப் படிக்கத் திணறுகிறான். நாங்கள் தறி ஓட்டுகிறவர்கள். 'மணலில் எழுதவைத்து நாலு போட்டால் வந்துவிடும்' என்கிறார் மாமனார். ட்யூஷன் சேர்க்கலாமா? (ஒரு தாய், சோமனூர்)

பதில்: உங்கள் மாமனார் சொன்னதில் பாதி சரி. மணலை வைத்துக்கொள்ளுங்கள், அடியை விட்டுவிடுங்கள்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்கள். 1790களில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் வழக்கத்தை இங்கேதான் கண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். கண், காது, கை மூன்றும் ஒன்றாக வேலை செய்யவேண்டும் என்பதை 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்காம் என்ற ஆசிரியையும், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான பயிற்சியாகவே வகுத்தார்கள்.

திணறலுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு வாசிப்பே வரவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றார் அவனுடைய ஆசிரியர்.

இனி உங்கள் மகனிடம் வருவோம். 'கோழி' என்று எழுதிக்காட்டுங்கள். 'கேழி' என்று படித்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். 'கோ'வில் காதுக்கு முதலில் கேட்பது 'க்'. கண்ணில் முதலில் படுவதோ இரட்டைக்கொம்பு. பின்னால் நிற்கும் துணைக்காலை விட்டுவிட்டால் 'கே' ஆகிவிடும். ஈரோட்டுப் பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் அரசு ஏற்றபோது ணை, லை போன்றவை எளிதாயின. கொம்பு அப்படியே நின்றுவிட்டது.

ஆகவே கொம்பில்லாத சொற்களில் தொடங்குங்கள்: படம், மரம், காகம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கைதட்டு, பிறகு சேர்த்துச் சொல்லல், பிறகு தாம்பாளத்தில் பரப்பிய மணலில் எழுதல். இது பழகிய பிறகே கெ, கே. கடைசியில் கொ, கோ. தறி நிற்கிற வேளையில் தினமும் கால் மணி நேரம் போதும். அதற்குமேல் இழுத்தால் உங்களுக்குத்தான் கோபம் வரும்.

ட்யூஷன் இப்போது வேண்டாம். வகுப்புப் பாடத்தையே இன்னொரு முறை சத்தமாக நடத்துகிற இடமென்றால் காசுதான் வீண். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். வீடு தறிக்கூடத்தை ஒட்டியிருந்தால் காதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

சில மாதங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பாருங்கள். கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். பள்ளியில் எழுதிக்கொடுக்கிற மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.