பவளத் தொட்டியில் வினிகர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் ரீஃப் தொட்டியில் 300 லிட்டர் தண்ணீர். நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றியும் இறங்கவில்லை. வினிகர் ஊற்றலாமா, வோட்காவா? அளவு என்ன ஐயா?
- வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: வினிகரே போதும். லேபிளில் 5 சதவீத அமிலம் என்று போட்ட வெள்ளை வினிகர் வாங்குங்கள். சிப்ஸ் மேல் தெளிக்கும் பழுப்பு வினிகர் வேண்டாம். வோட்காவில் கார்பன் ஏறக்குறைய எட்டு மடங்கு. சிரிஞ்சில் அரை மில்லி கூடினால் வினிகரில் நாலு மில்லி கூடிய கணக்கு. கார்பனுக்காகச் சிலர் போடும் சர்க்கரைப் பக்கமே போக வேண்டாம்.

வினிகரிலுள்ள கார்பனைத் தின்று பெருகும் பாக்டீரியா, கூடவே நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடலில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாவை நுரையோடு வெளியே தள்ளுவது ஸ்கிம்மர் என்ற நுரை வடிகட்டியின் வேலை. ஸ்கிம்மர் சிறியதானால் செத்த பாக்டீரியா தொட்டியிலேயே அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே முதலில் ஸ்கிம்மரின் கழுத்தைத் துடையுங்கள். காற்றுக் குழாயில் உப்பு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

முதல் மூன்று நாள் தினம் 2.5 மில்லி. அடுத்த நான்கு நாள் 5 மில்லி. பிறகு தினசரி அளவை வாரத்துக்கு 4 மில்லி கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு, மூன்று வாரம் எண் அசையாமல் இருக்கும். அவசரப்பட்டு இரட்டிப்பாக்கித்தான் பலரும் தொட்டியைக் கெடுக்கிறார்கள். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் அந்த அளவிலேயே நில்லுங்கள். 5 முதல் 10க்குள் வந்ததும் அளவைப் படிப்படியாகப் பாதியாக்குங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கினால் இரண்டு நாள் நிறுத்தி, பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள். காரத்தன்மை 7 முதல் 8.5 டி.கே.ஹெச். (காரத்தன்மையின் அலகு) இருக்கட்டும், சத்து குறைந்த நீரில் அது மிகுந்தால் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனி கருகும்.

தொட்டிக்குக் கடல்நீர் கொண்டுவருபவரானால் அதையும் சோதியுங்கள். மழைக்குப் பின் டர்பனில் உம்கேனி ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் எடுத்த நீரில் ஆற்றின் அழுக்கும் சேர்ந்தே வரும்.

கேள்வி: இரண்டு மாதமாக வினிகர் ஊற்றுகிறேன். நைட்ரேட் சுழியம், பாஸ்பேட் மட்டும் 0.15இல் நிற்கிறது. மணலில் குமிழ்களோடு பழுப்புச் சளி. அளவைக் கூட்டவா?
- வாசகர், பீனிக்ஸ்

பதில்: கூட்டவே கூடாது. நைட்ரேட் இரண்டு வழியில் போகிறது: பாக்டீரியாவின் உடலுக்குள்ளும், ஆக்சிஜன் எட்டாத பாறையின் உட்புறத்தில் நைட்ரஜன் வாயுவாகவும். பாஸ்பேட்டுக்கு முதல் வழி மட்டும்தான். போதாக்குறைக்குப் பாறையில் ஒட்டியிருந்ததும் கரைந்து வரும். நைட்ரேட் தீர்ந்தபின் ஊற்றும் வினிகர் பாஸ்பேட்டைத் தொடாது.

குமிழோடு இழையும் அந்தச் சளி பெரும்பாலும் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர். நுண்ணோக்கியில் பார்த்தால் உறுதியாகும். வினிகரை வாரத்துக்குப் பாதியாகக் குறைத்து நிறுத்துங்கள். தூய சோடியம் நைட்ரேட் 2 கிராமைக் கரைத்து ஊற்றினால் 300 லிட்டரில் நைட்ரேட் சுமார் 5 பி.பி.எம். ஏறும், உங்கள் தொட்டிக்கு ஏற்பக் கணக்கிடுங்கள். சளி அடங்கும்வரை பாஸ்பேட்டில் கை வைக்க வேண்டாம். அதன்பிறகு பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணியைக் கொஞ்சமாகப் போட்டு 0.05 வரை இறக்கலாம்.

கேள்வி: லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) நாளில் வினிகர் ஊற்றலாமா?
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: மின்சாரம் போகும் முன் ஊற்றாதீர்கள். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனை இழுக்கும். ஸ்கிம்மரும் பம்பும் நின்றிருக்கையில் முதலில் திணறுவது மீன். அன்றைய அளவை விட்டுவிட்டால் ஒன்றும் கெடாது, மறுநாள் சேர்த்து ஊற்றத்தான் கூடாது. பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் கைவசம் வேண்டும். மற்ற நாளில் விளக்கு எரியத் தொடங்கியபின் காலையில், நீரோட்டம் வேகமான இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரவில் பி.ஹெச். (அமில-கார அளவு) ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், வினிகரின் அமிலம் அதை இன்னும் தாழ்த்தும்.