ஃபோம் அடிச்ச தண்ணி ஓடைல எறங்கிட்டா: கேள்வி பதில்

வணக்கம்ங்க. ஓசூர்ல 14 வருஷமா தண்ணி சுத்திகரிப்பு வேலைல இருக்கேன், நடுவுல 3 வருஷம் வெளிநாட்டுல ஒரு ஏர்போர்ட் பக்கத்துல, தீயணைக்கற ஃபோம் எறங்கி கெட்டுப்போன சதுப்பு நெலத்துல பிளாண்ட் ஓட்டினேன். தொப்பூர் கணவாய்ல டேங்கர் கவுந்தா அடிக்கற நுரை எல்லாம் எங்க போகுதுன்னு ஒருத்தர் கேட்டாரு, அதுல இருந்து கேள்வி வந்துகிட்டே இருக்கு, முடிஞ்சவரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி (சூளகிரி): அண்ணா, கெலவரப்பள்ளி அணைல பொங்குதே, அந்த நுரையும் இதுவும் ஒண்ணா?

இல்ல தம்பி, அது வேற. பெங்களூர் சாக்கடை, டிடர்ஜென்ட், ஃபேக்டரி கழிவு எல்லாம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி வழியா தென்பெண்ணைல எறங்குது, ஷட்டர்ல விழற வேகத்துல பொங்குது. அதுவும் கேடுதான், ஆனா டிடர்ஜென்ட பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். நான் சொல்றது பெட்ரோல் தீக்குன்னு 1960கள்ல அமெரிக்க கடற்படையும் 3எம் கம்பெனியும் சேந்து கொண்டு வந்த ஃபோம். பெட்ரோல் மேல மெல்லிசா படலம் மாதிரி பரவி ஆவிய மூடிரும், அதான் அவ்வளவு சீக்கிரம் அணையுது. அந்த குணத்த குடுக்கறது பிஃபாஸ்ங்கற கெமிக்கல் கூட்டம், கார்பனும் ஃப்ளோரினும் கோத்துகிட்டு இருக்கும், அந்த பிடி லேசுல விடாது, வெயில்லயும் மக்காது மண்ணுலயும் மக்காது. கண்ணுக்கு நுரை அடங்கிடுச்சுன்னு வெச்சுக்கோங்க, கெமிக்கல் அப்படியே தண்ணில இருக்கும்.

கேள்வி (பென்னாகரம்): எங்க ஊர்ல ஏற்கனவே ஃப்ளோரைடு, பல்லெல்லாம் காவி. அதே ஃப்ளோரின்தானே?

பேர்ல சொந்தம், குணத்துல இல்லைங்க. நம்ம மாவட்டத்து ஃப்ளோரைடு பாறைல இருந்து ஊறி வர்றது, அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு. அத லிட்டருக்கு மில்லிகிராம்ல அளப்போம். பிஃபாஸ நானோகிராம்ல, அதாவது அதுல பத்து லட்சத்துல ஒரு பங்குல அளக்கணும். 2024ல அமெரிக்கா குடிதண்ணிக்கு வெச்ச அளவு, பிஃபாஸ் கூட்டத்துல இருக்கற பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏங்கற ரெண்டு கெமிக்கலுக்கும் தனித்தனியா லிட்டருக்கு 4 நானோகிராம். ஒரு நாள் நைட்டு உக்காந்து கணக்கு போட்டேன், ஒரு டிஎம்சி தண்ணி அந்த அளவுக்கு கெட்டுப்போக 113 கிராம் கலந்தாலே போதும். ஒரு டம்ளர் சர்க்கரை கூட இல்ல! எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல.

கேள்வி: டிடிஎஸ் மீட்டர் வெச்சு பாத்துக்கலாமா? கொதிக்க வெச்சா போயிடுமா?

அந்த மீட்டர் தண்ணில கரைஞ்ச உப்பதான் காட்டும், பிஃபாஸ் அதுல தெரியவே தெரியாது. கொதிக்க வெச்சா தண்ணி ஆவியாகி கெமிக்கல் இன்னும் திக்காகும். வீட்டு ஆர்ஓ நல்லாவே புடிக்கும், ஆனா மெம்பரேன டைமுக்கு மாத்தணும், வெளிய தள்ற கழிவு தண்ணில அது சேந்திருக்கும், அத கீரைப்பாத்திக்கு விடாதீங்க. டெஸ்ட் பண்றதுக்கு எல்சி எம்எஸ்னு, கெமிக்கல தனித்தனியா பிரிச்சு அளக்கற மெஷின் இருக்கற லேப்தான். சாம்பிள் எடுக்கறதே ஒரு கலைங்க. ஒரு தடவ சுத்தமான தண்ணி சாம்பிள்லயே பிஃபாஸ் காட்டுச்சு, ரெண்டு நாள் மண்டைய ஒடச்சோம், கடைசில பாத்தா கூட வேலை செஞ்ச பையன் குழாய் மரைல வெள்ளை டெஃப்லான் டேப் சுத்தியிருந்தான். அந்த டேப்பும் இதே குடும்பம்தான்.

கேள்வி (பாலக்கோடு): ஓடைல, ஏரில கலந்தத எப்படி சார் எடுக்கறது? வெட்டிவேர் வெச்சா ஆகாதா?

மொதல்ல ஏரிய தோண்டறத பத்தி யோசிக்காதீங்க. ஜேசிபி விட்டு சேத்த வாரினா நாணல், மீன் முட்டை, தவளை எல்லாம் போயிடும், அடில படிஞ்சிருந்தது கலங்கி கீழ இருக்கற ஊருக்கு போகும். ஃபோம் எங்க கொட்டுச்சோ அந்த மண்ணுதான் ஊத்து, மழை பேயற ஒவ்வொரு தடவையும் அங்க இருந்து கசிஞ்சுகிட்டே இருக்கும், அத அடைக்காம ஓடைய சுத்தம் பண்றது குழாய தொறந்து விட்டுட்டு தரைய தொடைக்கற மாதிரி. அதனால ஊத்து மண்ண எடுக்கணும், இல்லன்னா கரித்தூள் கலந்து கட்டிப்போடணும், ஓடைக்கு முன்னாடியே போர் போட்டு அந்த தண்ணிய உறிஞ்சி எடுக்கணும். எடுத்த தண்ணிய ஆக்டிவேட்டட் கார்பன் தொட்டி, ரெசின் தொட்டின்னு விடுவோம். பிஃபாஸ்ல பெரிய மூலக்கூறும் உண்டு, சின்னதும் உண்டு; கார்பன் பெரிய மூலக்கூற நல்லா புடிக்கும், சின்னது சீக்கிரம் நழுவி வந்துடும், அதனால ரெண்டு தொட்டி வரிசையா வெச்சு நடுவுல சாம்பிள் பாத்துகிட்டே இருக்கணும்.

எனக்கு ரொம்ப புடிச்சது இன்னொரு முறை. உயரமான குழாய்ல தண்ணிய ரொப்பி அடில இருந்து பொடிப்பொடியா காத்து விடுவோம், பிஃபாஸ் காத்துக்குமிழ்ல ஒட்டிகிட்டு மேல வந்து நுரையா நிக்கும், அத மட்டும் உறிஞ்சி எடுக்கலாம். லாரி லாரியா தண்ணி விட்டா கடைசில ஒரு சின்ன டிரம்ல அடங்கும். எந்த குணத்தால தீய அணைச்சுச்சோ அதே குணத்த வெச்சு புடிக்கறோம். ஆனா இதுலயும் சின்ன மூலக்கூறு தப்பிக்கும். அந்த டிரம்ல இருக்கறத 1000 டிகிரிக்கு மேல எரிக்கணும், அதுக்குன்னே இருக்கற உலைல, நம்ம செங்கல் சூளைல இல்ல.

வெட்டிவேர், ஈஎம்ங்கற நுண்ணுயிர் கரைசல் எல்லாம் சாக்கடைக்கு நல்லது, இதுக்கு ஆகாது. செடி கொஞ்சம் உறிஞ்சும், உடைக்காது, அந்த செடிய வெட்டி எரிச்சா மறுபடி வெளிய வரும். நல்ல மனசோட செய்யறவங்களதான் பாக்கறேன், அதனாலதான் அழுத்தி சொல்றேன்.

கேள்வி (ராயக்கோட்டை): அந்த தண்ணிய தக்காளிக்கு பாய்ச்சலாமா? மாடு குடிச்சா?

டெஸ்ட் வர்ற வரைக்கும் வேண்டாம்க்கா. சின்ன மூலக்கூறு இலைல அதிகமா ஏறும், அதனால கீரைக்கும் தீவனத்துக்கும் ரொம்ப கவனம். மாட்டுக்கு போனா பால்ல வரும், அமெரிக்கால மெய்ன் மாநிலத்துல பால் பண்ணைகளே இதனால மூடியிருக்காங்க. ஏரி மீன்லயும் சேரும்.

கேள்வி (தொப்பூர்): டேங்கர் பத்திகிட்டா ஃபோம் அடிக்காம விட முடியுமா?

விட முடியாதுங்க, உயிருதான் மொதல்ல. தீ அணைஞ்சதுக்கப்புறம் வர்ற ஒரு மணி நேரம்தான் நம்ம கைல இருக்கு. ரோட்டுல கெடக்கற நுரைய தண்ணி அடிச்சு கழுவி விடுவாங்க பாருங்க, அத செய்ய விடாதீங்க. பாலத்து கண்ணு வாய்ல மண்ணு மூட்டை அடுக்குங்க, சின்னதா வரப்பு போட்டு குட்டை மாதிரி தேக்குங்க, அத பம்ப் வெச்சு டேங்கர்ல ஏத்தலாம். ஃபோம் டிரம் லேபிள போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஃப்ளோரின் இல்லாத ஃபோமும் இப்ப இருக்கு, உங்க ஸ்டேஷன்ல இருக்கறது எதுன்னு மரியாதையா கேட்டு தெரிஞ்சுக்கலாம். 3 பர்சென்ட் ஃபோம்னா 100 லிட்டர்ல 3 லிட்டர்தான் மருந்து, அந்த 100 லிட்டரையும் அங்கயே நிறுத்திட்டா ஓடை தப்பிக்கும்.

கேள்வி: 20 வருஷம் ஃபயர் சர்வீஸ்ல இருந்தேன், ட்ரில்லுக்கு ஃபோம்ல நனைஞ்சே நின்னுருக்கோம். எனக்கு என்ன ஆகும் சார்?

சார், உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். பிஎஃப்ஓஏவ 2023 கடைசில புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவிச்சுது, பிஎஃப்ஓஎஸ் உண்டாக்க வாய்ப்பு இருக்கற பட்டியல்ல. அதுக்காக உங்களுக்கு வந்துடும்னு அர்த்தம் இல்ல. கொலஸ்ட்ரால், தைராய்டு, கிட்னி வருஷா வருஷம் பாத்துக்கோங்க, டாக்டர்கிட்ட ஃபோம் விஷயத்த மறக்காம சொல்லுங்க. ஆஸ்திரேலியால 285 தீயணைப்பு வீரர்கள வெச்சு பண்ண ஆராய்ச்சில, ரத்தமோ பிளாஸ்மாவோ ஒழுங்கா குடுத்தவங்களுக்கு ரத்தத்துல பிஃபாஸ் கொறஞ்சிருக்கு, பிளாஸ்மா குடுத்தவங்களுக்கு இன்னும் நல்லாவே. அத டாக்டர கேட்டுட்டு செய்யுங்க. பழைய ட்ரில் டிரஸ் வீட்டுல இருந்தா மத்த துணியோட சேத்து தொவைக்காதீங்க. அப்புறம் ட்ரில் எந்த எடத்துல பண்ணீங்க, பக்கத்துல கிணறு இருந்துச்சான்னு ஞாபகம் இருந்தா எனக்கு எழுதுங்க சார், அந்த எடத்துலதான் மொதல் சாம்பிள் எடுக்கணும்.