கேள்வி–பதில்: தலைப்பில் மதம் எதற்கு?

கேள்வி: ஒரு செய்தி முஸ்லிம்களைப் பற்றிய முன்முடிவோடு எழுதப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் தலைப்பு. மோசடி வழக்கில் ஒருவர் 'கணக்காளர்', இன்னொருவர் 'முஸ்லிம் இளைஞர்' என்று வந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். மதத்தை மட்டும் மாற்றிப்போட்டு வாசியுங்கள். அபத்தமாக ஒலித்தால் அந்த அடைமொழி தேவையற்றது. அடுத்து படம். விலைவாசிச் செய்திக்கும் தொழுகை வரிசைதான் வரும். பெரும்பாலும் இது சதியல்ல, கோப்பில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் அவசரம். விளைவு என்னவோ ஒன்றுதான்.

முதல் சில மணிநேரச் செய்திகளை நம்பாதீர்கள். 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்ததும் மத்தியக் கிழக்கை நோக்கித்தான் பல ஊடகங்கள் விரல் நீட்டின. வைத்தவர் திமோத்தி மெக்வே, அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர். நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று நடந்த தாக்குதலிலும் அதே கதை. 77 பேரைக் கொன்ற பிரெய்விக் ஒரு நார்வேக்காரர், முஸ்லிம் குடியேற்றத்தை வெறுத்தவர்.

கேள்வி: நடந்த வன்முறையைத்தானே எழுதுகிறார்கள்?

பதில்: சிக்கல் அளவில் இருக்கிறது. அமெரிக்காவில் 2006–2015 காலப் பயங்கரவாதத் தாக்குதல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், முஸ்லிம்கள் செய்தவற்றுக்கு மற்றவற்றைவிடச் சராசரியாக 357 சதவீதம் கூடுதல் செய்தி வந்திருந்தது.

கேள்வி: குடியிருப்பில் மத நல்லிணக்க விருந்து வைத்தோம். சாப்பிட்டார்கள், போனார்கள். ஏன் ஒன்றும் மாறவில்லை?

பதில்: விருந்தில் அவரவர் கூட்டத்தோடுதான் உட்காருவார்கள். சம நிலை, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு இருந்தால்தான் பிற தரப்போடு பழகுவது முன்முடிவைக் குறைக்கும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். விருந்தில் இவற்றில் எத்தனை இருந்தன?

எல்லாம் இருந்தாலும் எல்லை உண்டு. இராக்கில் கிறிஸ்தவக் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கூட ஆடியவர்களிடம் நெருக்கம் வளர்ந்தது. முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அது அவ்வளவாகப் பரவவில்லை.

எனவே ஆறேழு பேர் கொண்ட சிறு குழு, மாதக்கணக்கில் நீளும் வேலை என்று தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு மாலைப் பாடம், பராமரிப்புக் கணக்கு, எதுவும் ஆகும். பொறுப்பாளர் சுழற்சியில் மாறட்டும். இல்லையேல் ஒரு தரப்பு விருந்தாளியாகவே நின்றுவிடும். சில மாதங்களில் உறுப்பினர்களைக் கலைத்துப் புதுக் குழுக்கள் அமையுங்கள். எங்கோ குண்டு வெடித்தால், குழுவிலுள்ள முஸ்லிமிடம் விளக்கம் கேட்காதீர்கள். அவர் அன்று கணக்குப் பார்க்க வந்திருப்பார்.