மீட்டர் போர்டைக் கழற்றியாச்சு, ஒயரை எப்படி மாட்டுறது?

பழைய அம்பாசடர், ஹெரால்டு கார் வைத்திருப்பவர்கள் மீட்டர் போர்டு ஒயரிங் பற்றிக் கேட்டிருந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஈரோட்டில் இருபத்தெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பல்லடம்: அண்ணா, எங்க அப்பாரு ஓட்டின அம்பாசடருங்க. பெயிண்டுக்காக மீட்டர் போர்டைக் கழற்றப் போறேன். கலரைப் பார்த்தே திருப்பி மாட்டிக்கலாமுங்களா?

கலரை நம்பி இறங்காதீங்க தம்பி. நாற்பது வருடத்தில் எத்தனை பேர் கையில் கிடைத்த ஒயரைப் போட்டு ஒட்டியிருப்பாங்களோ. முதலில் பேட்டரி லக்கை, அதாவது ஒயர் நுனியில் இருக்கும் உலோக மாட்டியை, கழற்றுங்க. அப்புறம் ஒரு ஒயரைக் கழற்றினால் அதற்கு அடையாளம் வைத்த பிறகுதான் அடுத்ததில் கை வைக்கணும். அடையாளம் என்றால் ‘பச்சை’ என்று எழுதுவதல்ல, அது எந்தக் கேஜில் (ஊசி வைத்த மீட்டரில்) எந்த முனையிலிருந்து வந்தது என்று எழுதணும்: ‘பெட்ரோல், டி முனை’ (டேங்குக்குப் போவது), ‘பெட்ரோல், பி முனை’ (கரண்ட் வருவது), இப்படி. பெயிண்டுக்காரர் ஒட்டும் காகித டேப் வேண்டாம், தகரக் கொட்டகை வெயிலில் பத்தே நாளில் பசை இளகிக் கீழே விழுந்து கிடக்கும். மருந்துக்கடைத் துணி பிளாஸ்திரியில் பேனாவால் எழுதிச் சுற்றி, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஸ்லீவ் (உறை) மாட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். ஒரே முனையில் இரண்டு ஒயர் இருந்தால் அதைப் பிரிக்காமல் நூலால் சேர்த்துக் கட்டுங்க. சாவியிலிருந்து வரும் கரண்ட் ஒரு கேஜிலிருந்து அடுத்ததுக்குத் தாவுவது அந்த இரண்டாவது ஒயரில்தான், அதை விட்டுவிட்டால் பக்கத்துக் கேஜ் செத்துக் கிடக்கும், நீங்க கேஜையே குறை சொல்லிக்கொண்டிருப்பீங்க. போட்டோவும் எடுங்க, ஆனால் பின்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் இடது வலது மாறியிருக்கும், அதை மறந்துடாதீங்க.

கோபி: ஏற்கெனவே கழற்றிட்டேனுங்க, அடையாளம் எதுவும் வைக்கலை. இப்ப என்ன பண்றது?

ஒயர்க் கட்டின் மேல் சுற்றியிருக்கும் டேப்பை இரண்டு அங்குலம் பிரித்துப் பாருங்க. வெளியே எல்லாம் ஒரே அழுக்குப் பழுப்பாக இருந்தாலும், வெயில் படாத உள்பக்கத்தில் பச்சை மேல் கறுப்புக் கோடு புதுசு மாதிரி பளிச்சென்று தெரியும். இங்கிலாந்து வழி வண்டிகளில் லூகாஸ் கம்பெனியின் கலர் முறை: கறுப்பு எர்த் (வண்டியின் பாடியில் சேர்வது), பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது, சிவப்பு பார்க் லைட், மீட்டர் லைட். பச்சை-கறுப்பு பெட்ரோல் டேங்குக்கு, பச்சை-நீலம் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டருக்கு. பியட்டுக்கு இது பொருந்தாது. கலர் சொன்னதை டெஸ்ட் லைட் வைத்து உறுதி செய்த பிறகே மாட்டுங்க.

பொள்ளாச்சி: அண்ணா, எல்லாம் மாட்டின பிறகு பெட்ரோல், ஹீட் இரண்டு ஊசியும் மேலே போய் நிக்குதுங்க. டேங்க்ல அரைதான் இருக்கு.

இரண்டும் சேர்ந்து ஏறினால் கேஜ் கெடவில்லை அம்மணி. பின்னாடி தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு தகர டப்பா இருக்கும், ஸ்டெபிலைசர். பேட்டரி கரண்டைச் சராசரியாக 10 வோல்ட்டுக்கு இறக்கி இரண்டு கேஜுக்கும் கொடுப்பது அதுதான். அதன் உடம்பு எர்த் ஆகவில்லை என்றால் முழு வோல்ட்டும் போய்விடும். துருவைச் சுரண்டி ஸ்க்ரூவை இறுக்குங்க, அநேகமாகச் சரியாகிவிடும். அதுவரை சாவியைப் போட்டு வைக்காதீங்க, கேஜ் வெந்துவிடும்.

கரூர்: டேங்க் ஒயரைப் பாடியில் தொட்டால் ஊசி ஏறணும்கிறாங்க. என்னோடது கீழே இறங்குது. கேஜ் போச்சா?

போகவில்லைங்க. கேஜில் இரண்டு வகை உண்டு. சாவி போட்டதும் மெதுவாக ஊர்ந்து ஏறும் ஊசி என்றால், ஒயரை எர்த்தில் தொட்டால் ‘ஃபுல்’ காட்டும். டக்கென்று குதிக்கும் பழைய சுருள் வகையில் நேர்மாறு, தொட்டால் ‘எம்ட்டி’, கழற்றிவிட்டால் ‘ஃபுல்’. கேஜையும் டேங்க் ஃப்ளோட்டையும் (பெட்ரோலோடு ஏறி இறங்கும் மிதவை) ஜோடி மாற்றிப் போட்டால் எந்தக் காலத்திலும் சரியாகக் காட்டாது. இந்தச் சோதனையைக் கேஜ் பக்கத்திலேயே ஒரு நொடி செய்யுங்க, டேங்க் பக்கத்தில் பொறி வேண்டவே வேண்டாம்.

தாராபுரம்: ஹீட் மீட்டரில் ஒயர் இல்லை, மெல்லிசா செம்புக் குழாய் வருது. வெட்டி ஒட்டலாமுங்களா?

வெட்டாதீங்க! உள்ளே ஈதர் இருக்கு, வெட்டினால் அதோடு அந்த மீட்டர் முடிந்தது. எஞ்சின் ஆறின பிறகு தண்ணீரை இறக்கி, எஞ்சின் பக்கத்து நட்டைக் கழற்றிக் குழாயோடு சேர்த்து வெளியே எடுங்க.

பவானி: பெயிண்ட் அடிச்சு மாட்டினதிலிருந்து மீட்டர் லைட் மங்கலா எரியுதுங்க.

புதுப் பெயிண்ட் எர்த்தை மறைச்சிருச்சு. எல்லாக் கேஜ் உடம்பையும் ஒரே கறுப்பு ஒயரில் கோத்துப் பாடியில் முடுக்குங்க.

அவிநாசி: பேட்டரிக்குக் கரண்ட் ஏறுதா இறங்குதான்னு காட்டுற அம்மீட்டர் தலைகீழாகக் காட்டுது.

இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்க. ஆனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு மட்டும், ஏனென்றால் அம்மீட்டருக்கு வரும் தடி ஒயருக்குப் பெரும்பாலும் பியூஸே கிடையாது. வேலை பழகின காலத்தில் நான் லக் மேல் ரப்பர் மூடி போடாமல் இறுக்கிவிட்டேன், போர்டை உள்ளே தள்ளியதும் லக் தகரத்தில் உரசியது. புகை வந்து, நான் சுதாரித்துப் பேட்டரி லக்கைப் பிடுங்குவதற்குள் கட்டு முழுக்க உருகி ஒட்டிக்கொண்டது. மறுநாள் முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய வண்டி அது. மூடி கிடைக்காவிட்டால் சைக்கிள் டியூபை வெட்டியாவது மாட்டுங்க.