"உங்களைத் தெரியாது" என்று கொந்தராத்துக்காரர் சொன்னால்

மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரைப் பக்கமிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "மேசனுக்குக் கையுதவியாக வேலை செய்கிறேன். கொரோனா ஊரடங்கில் வேலை நின்றபோது கடைசி இரண்டு கிழமைச் சம்பளம் வரவில்லை. மேசன் கொந்தராத்துக்காரரைக் காட்டினார். அவரோ உங்களைத் தெரியாது என்றார். இனியும் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது?"

செய்த வேலைக்கான சம்பளம் ஊரடங்கால் இல்லாமல் போகாது. தனக்காக ஆள் வைப்பவரும், இன்னொருவருக்காக ஆள் பிடிப்பவரும் இலங்கையின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் தொழில்தருநர்தான், அதாவது சம்பளத்துக்குப் பொறுப்பான முதலாளிதான். "தெரியாது" என்பது சட்டப்படி ஒரு பதிலே இல்லை. ஆனாலும் அவர் தப்பிவிடுகிறார். ஏனென்றால் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பல சைட்டுகளில் பெண்ணின் பெயரை யாரும் எழுதுவதில்லை, "மேசனும் இரண்டு பேரும்" என்று கணக்கு முடிந்துவிடும். புருஷனும் அதே சைட்டில் நின்றால் இருவர் சம்பளமும் அவர் கைக்குத்தான் போகும்.

2020 மே மாதத்துக்கு, வேலைக்குக் கூப்பிட முடியாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், இதில் எது கூடவோ அது என்று அரசு, தொழில்தருநர், தொழிற்சங்கம் மூன்றுக்குமிடையே முத்தரப்பு உடன்பாடு வந்தது. பெயர்ப் பட்டியலில் இல்லாத நாட்கூலிப் பெண் அதை யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, சைட், செய்த வேலை (கல் அரிந்தது, கொங்கிரீட் போட்டது), பேசிய கூலி, வாங்கிய அட்வான்ஸ், கூட நின்றவர்களின் பெயர் எல்லாம் அதில் வரட்டும். சனிக்கிழமை மேசனிடம் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம், "இந்தக் கிழமை ஆறு நாள், இவ்வளவு பாக்கி" என்று வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் "சரி" என்று போட்டாலே அது சாட்சி.

காசு வராவிட்டால் மட்டக்களப்பில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். கட்டணமில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. மேசன், கொந்தராத்துக்காரர் இருவர் பெயரையும் போடுங்கள். பழைய பாக்கியையும் விட வேண்டாம், அப்போது கூட வேலை செய்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அப்புறம் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி. நாட்கூலிக்கு அது இல்லை என்பது சுத்தப் பொய். 1958ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிக ஊழியரையும் சேர்த்தே பேசுகிறது: சம்பளத்தில் உங்கள் பங்கு 8, தொழில்தருநர் பங்கு 12 சதவீதம். வீட்டுக்காரரே மேசன் பிடித்துக் கட்டும் சின்ன வேலைகளில் இதை வாங்குவது கஷ்டம்தான். கொந்தராத்து சைட்டில் விடாமல் கேளுங்கள்.

சுகத்தைப் பற்றியும் ஒன்று. வியர்வையில் நனைந்த துணி மாஸ்க் சீமெந்துத் தூசையும் தடுக்காது, கிருமியையும் சரியாகத் தடுக்காது. மாற்ற இரண்டு மூன்று கொண்டுபோங்கள். கழிப்பறை இல்லையென்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் மட்டக்களப்பு வெயிலில் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். கூலி பேசும்போதே கழிப்பறையையும், கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் பற்றிப் பேசிவிடுங்கள். ஒருத்தி தனியாகக் கேட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள். கொங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள், அன்றைக்கு ஆள் இல்லாமல் அவர்களுக்கு முடியாது.